கரையோரத்திலிருந்து ஆழ்கடலுக்கு: பாய்மரப் படகு ஓட்ட எந்த வரிசையில் கற்பது?

முதல்பாய்

வணக்கம் நண்பர்களே. போன மாதம் ஐந்து நாள் தொடக்கநிலைப் பயிற்சியை முடித்தேன். 34 அடிப் படகு, கற்பவர்கள் நான்கு பேர், ஒரு பயிற்சியாளர். மொத்தம் 110 கடல் மைல். அதில் இருட்டில் ஓட்டியது நான்கு மணி நேரம். டேக், ஜைப் (படகின் முனையையோ பின்பக்கத்தையோ காற்றுக்குக் குறுக்கே கொண்டுபோய்த் திருப்புவது) இரண்டும் வருகிறது. பாயைச் சுருக்கத் தெரியும். பௌலைன் முடிச்சைக் கண்ணை மூடிக்கொண்டே போடுவேன்.

கரையிலிருந்து 300, 400 மைல் தள்ளிப் போய், எந்தப் பக்கம் திரும்பினாலும் நிலம் தெரியாத கடலில் சில நாள் இருக்க வேண்டும் என்பது பல வருட ஆசை. அதற்கு மூன்று வழிகள் தெரிகின்றன. அடுத்தடுத்த வகுப்புகளுக்குப் போவது, சின்னப் படகு ஒன்று வாங்கி நானே ஓட்டிப் பழகுவது, இல்லையென்றால் ஆழ்கடல் போகும் யாராவது ஒருவருடைய படகில் ஆளாகச் சேர்வது. எதை முதலில் செய்யலாம்? கரையோரப் பயணம் எளிது, ஆழ்கடல்தான் கடினம் என்று நினைத்திருக்கிறேன். அது சரியா?

மீகாமன்

கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றதெல்லாம் அதைப் பொறுத்துதான். ஆழ்கடலில் முட்டிக்கொள்ள எதுவும் இல்லை. பாறை, மணல்திட்டு, நீரோட்டம் இழுக்கும் முனை, மீன்வலை, சின்னப் படகுகள் எல்லாம் கரைக்குப் பக்கத்தில்தான். காற்று உங்களைக் கரையை நோக்கித் தள்ளும்போது எஞ்சினும் நின்றுபோனால், கையில் இருப்பது சில நிமிடங்கள். அதே காற்று 200 மைல் வெளியே அடித்தால், பாயைச் சுருக்கிவிட்டுக் கதவைச் சாத்திக்கொண்டு ஒரு நாள் முழுக்கக் காத்திருக்கலாம். புயல் வருகிறது என்றதும் துறைமுகத்துக்கு ஓடத் தோன்றும். பல நேரம் கரையை விட்டு விலகி ஓடுவதுதான் பாதுகாப்பு. இதை மனம் ஏற்கவே எனக்கு நாலைந்து வருடம் ஆனது.

அதற்காக ஆழ்கடல் எளிது என்று சொல்லவில்லை. அங்கே சோதிக்கப்படுவது வேறு: தூக்கம், வாந்தி, உடைந்ததைக் கையில் இருப்பதை வைத்துச் சரிசெய்யும் திறமை, நான்கு பேர் ஒரு சின்ன அறைக்குள் ஒருவரை ஒருவர் சகித்துக்கொள்வது. கரையோரத்தில் நீங்கள் கற்க வேண்டியது துல்லியம். ஆழத்தைப் பார்ப்பது, நீரோட்டத்தைக் கணக்கில் எடுப்பது, நங்கூரம் போடுவது, பாய் விரித்தபடி ஒரு மிதவைக்குப் பக்கத்தில் வந்து படகை நிறுத்துவது. இந்தத் துல்லியம் இல்லாமல் ஆழ்கடலுக்குப் போகிறவரைப் போகும்போது கடல் விட்டுவிடும். திரும்பி வரும்போது கரை விடாது.

நான் பின்பற்றிய, இப்போது மற்றவர்களுக்கும் சொல்லும் முறை: ஒரு பயணத்துக்கு ஒரே ஒரு புதிய விஷயம். புதிய துறைமுகம் என்றால் பழகிய படகில், பகலில், லேசான காற்றில் போங்கள். முதல் இரவுப் பயணம் என்றால் ஏற்கனவே பகலில் பத்து முறை போன வழியில் போங்கள். புதிய படகு என்றால் பழகிய கடலில், பழகிய ஆட்களோடு. கெட்டுப்போன பயணங்களை யோசித்துப் பார்த்தால், இருட்டு, தெரியாத வாய்க்கால், புது ஆள், ஏறிவரும் காற்று என்று மூன்று நான்கு புதுசுகள் ஒரே ராத்திரியில் சேர்ந்திருக்கும்.

வரிசை என்று கேட்டால்: ஒரு பருவம் முழுக்கப் பகல் பயணங்கள், 20, 30 மைல். அப்புறம் நங்கூரத்தில் இரவு தங்குவது. இதற்கு நிறைய நாள் ஒதுக்குங்கள், வகுப்புகளில் இதைக் கொஞ்சமாகத்தான் தொடுகிறார்கள். அப்புறம் மாலையில் கிளம்பி விடியலில் போய்ச் சேரும் 60, 70 மைல் ஓட்டம். ஏன் விடியல் என்றால், கடைசி இரண்டு மூன்று மணி நேர இருட்டில் கலங்கரை விளக்கங்களை வைத்து இருக்கும் இடத்தை உறுதிசெய்துகொள்ளலாம், பிறகு வெளிச்சத்தில் உள்ளே நுழையலாம். இந்த ஒரு பழக்கம் என்னை எத்தனையோ முறை காப்பாற்றியிருக்கிறது. அதற்குப் பிறகுதான் இரண்டு இரவு, மூன்று இரவு.

டீசல்கை

மீகாமன் ஐயா சொன்னதோடு ஒத்துப்போகிறேன், ஆனால் ஒரு படி முன்னால் போக வேண்டும். முதலில் 12, 14 அடி டிங்கியில், அதாவது திறந்த சின்னப் பாய்மரப் படகில், ஒரு பருவம் ஓட்டுங்கள். பெரிய படகில் தப்பு செய்தால் படகு அதை மறைத்துவிடும், கொஞ்சம் சாயும், கொஞ்சம் வேகம் குறையும், அவ்வளவுதான். டிங்கியில் தாமதித்தால் அடுத்த நொடி தண்ணீரில் இருப்பீர்கள். காற்று திரும்புவதைக் காதோரத்திலும் கழுத்திலும் உணரும் பழக்கம் அங்கேதான் வரும். கருவி காட்டும் எண்ணை மட்டும் பார்த்து ஓட்டிப் பழகியவர்களோடு போயிருக்கிறேன். மாஸ்ட் (பாயைத் தாங்கும் கம்பம்) உச்சியில் இருக்கும் காற்றுமானி பழுதான அன்றைக்கு அவர்கள் திணறுவார்கள்.

மீகாமன்

டிங்கி நல்லதுதான், மறுக்கவில்லை. ஆனால் நாற்பதைத் தாண்டி, முட்டிவலியோடு தொடங்குகிறவர்களும் இங்கே படிக்கிறார்கள். டிங்கி ஓட்டாமல் நேராகப் பெரிய படகில் தொடங்கி அருமையாக ஓட்டுகிற பலரை எனக்குத் தெரியும். அது இல்லாமல் வழியே இல்லை என்று சொல்ல மாட்டேன்.

முதல்பாய்

இருவருக்கும் நன்றி. சான்றிதழ் விஷயம்? எத்தனை மைல் ஓட்டியிருந்தால் ஒருவரை ஆழ்கடல் ஓட்டி என்று ஏற்றுக்கொள்கிறார்கள்?

நெடுங்கடல்

பிரிட்டனின் ஆர்.ஒய்.ஏ. (ராயல் யாட்டிங் அசோசியேஷன்) முறையை ஒரு அளவுகோலாக எடுத்துக்கொள்ளலாம், பல நாடுகளில் அதைத்தான் பார்க்கிறார்கள். யாட்மாஸ்டர் கோஸ்டல் (கரையோரம்) தேர்வுக்கு உட்காரக் கடலில் 30 நாள், 800 மைல், இரவில் 12 மணி நேரம் வேண்டும். யாட்மாஸ்டர் ஆஃப்ஷோருக்கு (கரை தாண்டிய கடல்) 50 நாள், 2,500 மைல். அதில் 60 மைலுக்கு மேற்பட்ட பயணங்கள் ஐந்து, அவற்றில் குறைந்தது இரண்டு இரவு தாண்டியவை, இரண்டில் நீங்களே ஸ்கிப்பர் (படகின் பொறுப்பாளர்). உங்கள் 110 மைலை இதோடு வைத்துப் பார்த்தால் எங்கே நிற்கிறீர்கள் என்று தெரியும். சோர்ந்துவிட வேண்டாம், வாரக்கடைசிகளை ஒழுங்காகப் பயன்படுத்தினால் மூன்று பருவத்தில் எட்டக்கூடியதுதான்.

ஒரு வேண்டுகோள். முதல் நாளிலிருந்தே பதிவேடு எழுதுங்கள். தேதி, தூரம், காற்று, யார் ஸ்கிப்பர், என்ன தப்பு நடந்தது. கடைசியாகச் சொன்னதுதான் முக்கியம்.

நீலாம்பரி

இதுவரை யாரும் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். நானும் கணவரும் பதினோரு வருடமாக இரண்டு பேராக ஓட்டுகிறோம். தொடக்கத்தில் அவர் சுக்கான், நான் கயிறு. துறைக்குள் நுழையும்போதும் அவர்தான், நங்கூரம் போடும்போதும் அவர்தான். ஒருநாள் பூம் கயிறு அவர் தோளில் அடித்தது. வலது கையைத் தூக்க முடியவில்லை. கரை 9 மைல் தூரம். எஞ்சினைக் கிளப்பத் தெரியும், ஆனால் அந்தப் படகை ஒரு தடவைகூட நான் தனியாகக் கட்டியதில்லை. அவர் வலியோடு உட்கார்ந்து வாயால் சொல்லச் சொல்ல, உள்ளே கொண்டுவந்து கட்டினேன். கை நடுக்கம் நிற்க ஒரு மணி நேரம் ஆனது.

அன்றிலிருந்து ஒவ்வொரு பயணத்திலும் பொறுப்பை மாற்றிக்கொள்கிறோம். என் முறை வந்தால் முடிவு என்னுடையது, அவர் கேட்டால் ஒழிய வாய் திறக்கக் கூடாது. இரண்டு பேர் போகும் படகு என்றால், இருவரில் யார் வேண்டுமானாலும் தனியாகக் கரைக்குக் கொண்டுவரத் தெரிந்திருக்க வேண்டும்.

அதோடு சேர்ந்ததுதான் ஆள் தண்ணீரில் விழுவது. 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் படகு ஒரு நிமிடத்தில் 150 மீட்டருக்கு மேல் போய்விடும். அலைக்கு நடுவே தேங்காய் அளவு தலையை அந்தத் தூரத்தில் தேடிப் பாருங்கள். வகுப்பில் மிதவையை எறிந்து எடுத்துக் காட்டுவார்கள். அதை எடுப்பது பாதிதான். நனைந்த ஆளைப் படகின் உயரமான பக்கத்திலிருந்து மேலே தூக்குவது எப்படி? அமைதியான நாளில், நங்கூரத்தில், ஒருவர் தண்ணீரில் இறங்க, இன்னொருவர் ஹாலியார்டையும் (பாயை ஏற்றும் கயிறு) வின்சையும் (கயிற்றைச் சுற்றி இழுக்கும் உருளை) வைத்துத் தூக்கிப் பாருங்கள். நாங்கள் செய்தபோது முதல் முறை 25 நிமிடம் ஆனது. அன்று இரவே ஹார்னெஸ் (உடம்பைப் படகோடு பிணைக்கும் வார்) விதியை எழுதி ஒட்டினோம்: இருட்டிய பிறகு, படிக்கட்டை விட்டு வெளியே வருவதற்கு முன்பே கொக்கி மாட்டியிருக்க வேண்டும்.

ஆஞ்சான்

நீலாம்பரி அக்கா சொன்ன வாயால் சொல்லிக் கட்டிய சம்பவத்தில் ஒன்று கவனித்தேன். அவசரத்தில் எந்தக் கயிறு என்பதற்கு ஒரே சொல் இருக்க வேண்டும். எங்கள் படகில் பழைய தமிழ்ச் சொற்களையே வைத்துக்கொண்டோம். பாயை ஏற்றும் ஹாலியார்ட் ஆஞ்சான், பாயை இழுத்துப் பிடிக்கும் ஷீட் தாமான். 'தாமானை விடு' என்று கத்தினால் புதிதாக வந்த பையனுக்கும் கை அந்தக் கயிற்றுக்குத்தான் போகிறது. எந்தச் சொல்லை வைத்தாலும் சரி, கிளம்பும் முன் எல்லோரும் ஒருமுறை தொட்டுக் காட்டிச் சொல்லிவிட வேண்டும்.

முதல்பாய்

அருமை. இரவுக் காவல் பற்றி யாராவது விரிவாகச் சொல்லுங்களேன். அதுதான் எனக்கு உள்ளுக்குள் பயம்.

இரவுக்காவல்

பயம் இருப்பது நல்லது. கணக்கைப் பாருங்கள். 50 மீட்டருக்கு மேற்பட்ட கப்பலின் மாஸ்ட் விளக்கு தெளிவான இரவில் குறைந்தது 6 மைல் தூரத்துக்குத் தெரிய வேண்டும் என்பது சர்வதேச விதி. கப்பல் 20 நாட், நீங்கள் 5 நாட், நேருக்கு நேர் என்றால் மணிக்கு 25 மைல் வேகத்தில் நெருங்குகிறீர்கள். 6 மைலைக் கடக்க 14 நிமிடம் சொச்சம். அதாவது 'வானம் சுத்தமாக இருக்கிறது, பத்து நிமிடம் கண்ணை மூடலாம்' என்று தூங்கி, இருபதாவது நிமிடம் விழித்தால் முடிந்தது. மழைத் திரை இருந்தால் அந்த 14 நிமிடமும் கிடையாது. ஏ.ஐ.எஸ். (கப்பல்கள் தங்கள் இடத்தை வானொலி வழியே அறிவிக்கும் கருவி) நல்ல துணை, ஆனால் சின்ன மரப் படகுகளில் அது இருக்காது. கண்ணால் பார்ப்பதற்கு மாற்று இல்லை.

விளக்கு தெரிந்ததும் செய்ய வேண்டியது, காம்பஸை வைத்து அது எந்தத் திசையில் இருக்கிறது என்று அளப்பது. மூன்று நிமிடம் கழித்து மறுபடி அளங்கள். திசை மாறாமல் நெருங்கிக்கொண்டே வந்தால் மோதப்போகிறீர்கள் என்று அர்த்தம். மாறுவது சரியாகத் தெரியவில்லை என்றாலும் மோதல் அபாயம் உண்டு என்றே வைத்துக்கொள்ளச் சொல்கிறது விதி. பாய்மரப் படகுக்கு எஞ்சின் கப்பல் வழிவிட வேண்டும் என்பது உண்மைதான். ஆனால் 300 மீட்டர் கப்பலின் ஓட்டும் அறையில் இருப்பவர் உங்களைப் பார்த்திருக்கிறாரா என்று உங்களுக்குத் தெரியாது. தூரத்திலேயே, சீக்கிரமே, அவருக்குப் புரியும்படி பெரிதாகத் திரும்புங்கள்.

முறை வைப்பது ஆட்களைப் பொறுத்தது. நான்கு பேர் என்றால் மூன்று மணி நேரம் காவல், ஒன்பது மணி நேரம் ஓய்வு. சுகமான வாழ்க்கை. இரண்டு பேர் என்றால் மூன்றுக்கு மூன்று, முதல் இரண்டு நாள் நரகம், மூன்றாம் நாள் உடம்பு ஒப்புக்கொள்ளும். அதிகாலை இரண்டிலிருந்து ஐந்துவரைதான் மனம் ஏமாற்றும். அந்த நேரத்தில் உதிக்கும் நிலாவைக் கப்பல் என்று நினைத்து ஸ்கிப்பரை எழுப்பியிருக்கிறேன். அவர் எழுந்து வந்து பார்த்துவிட்டு, 'சந்தேகம் வந்தால் அடுத்த முறையும் எழுப்பு' என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். அப்படிப்பட்ட ஸ்கிப்பரோடு போங்கள்.

கடல்நோய்க்கு ஒரு வரி: மாத்திரையைக் கிளம்புவதற்கு முன்பே போடுங்கள், வாந்தி தொடங்கிய பிறகு போட்டால் தங்காது. அடிவானத்தைப் பார்த்தபடி சுக்கானைப் பிடிப்பது பலருக்கு உதவும்.

டீசல்கை

ஆழ்கடல் போகிறவர்கள் பாயைப் பற்றியே பேசுகிறோம், எஞ்சினைச் சொல்லாமல் விட முடியாது. துறைமுக வாயில், எதிர் நீரோட்டம், பின்னால் அலை. அந்த இடத்தில் என் எஞ்சின் இருமியது, சுற்று குறைந்தது, நின்றது. தொட்டியின் அடியில் பல மாதமாகப் படிந்திருந்த அழுக்கை அன்றைய அலை கலக்கி ஃபில்டருக்கு அனுப்பியிருக்கிறது. அமைதியான தண்ணீரில் அந்த எஞ்சின் ஒருநாளும் நின்றதில்லை. ஆகவே அது நிற்பதானால் அலை பெரிதாக இருக்கும் நாளில்தான் நிற்கும், அதாவது உங்களுக்கு மிகவும் தேவையான நேரத்தில். நல்லவேளையாக ஜிப் எனும் முன்பாயைச் சுருட்டிக் கட்டாமல் வைத்திருந்தேன். விரித்துத் திரும்பி வெளியே ஓடிவந்துவிட்டேன்.

ஃபில்டரை மாற்றி, குழாயில் புகுந்த காற்றை வெளியேற்றுவது 20 நிமிட வேலை. அதைத் துறையில் உட்கார்ந்து, பிறகு கண்ணைக் கட்டிக்கொண்டு செய்து பாருங்கள். கைக்கு எந்தத் திருகு எங்கே என்று தெரிந்துவிடும். துறைக்குள் போய்க் கட்டும் வரை பாயும் நங்கூரமும் தயாராகவே இருக்கட்டும்.

நெடுங்கடல்

கருவிகளைப் பற்றி நான் கொஞ்சம் கடுமையாகச் சொல்வேன், பொறுத்துக்கொள்ளுங்கள். 2014 நவம்பரில், உலகைச் சுற்றும் வால்வோ ஓஷன் ரேஸ் பந்தயத்தில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு இந்தியப் பெருங்கடலில் கார்காடோஸ் காராஜோஸ் பவளத்திட்டில் இரவில் ஏறியது. உலகத் தரமான ஓட்டிகள், இருப்பதிலேயே நல்ல கருவிகள். மின்னணு வரைபடத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால்தான் அந்தத் திட்டு சரியாகத் தெரியும். அந்த வழியை அப்படிப் பார்க்கவில்லை. ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ஆகவே வழியைப் போட்டதும், கோடு முழுவதையும் பெரிதாக்கிக்கொண்டே விரலால் தடவிப் போங்கள். மணிக்கு ஒருமுறை இருக்குமிடத்தைக் காகிதத்தில் குறியுங்கள். மின்சாரம் போனால் கடைசிக் குறி ஒரு மணி நேரத்துக்கு முந்தையது, அதிலிருந்து கணக்குப் போட்டு ஓடலாம்.

இன்னொன்று. 1979 ஃபாஸ்ட்நெட் பாய்மரப் படகுப் பந்தயத்தில் 303 படகுகள் கிளம்பின, புயலில் 15 ஓட்டிகள் இறந்தார்கள். ஆட்கள் கைவிட்டுப்போன படகுகள் 24. அவற்றில் மூழ்கியவை ஐந்துதான். உயிர்ப் படகில் இறங்கிய சிலர் அங்கேதான் இறந்தார்கள். படகு காலடியில் மூழ்கும்வரை அதை விடாதீர்கள் என்பது அந்த இரவுக்குப் பிறகு எல்லா வகுப்பிலும் சொல்லும் பாடம்.

உதவி வரும் என்ற நம்பிக்கையையும் அளந்து வைத்துக்கொள்ளுங்கள். 2018 செப்டம்பரில், தனியாக உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயத்தில் ஓடிய இந்தியர் அபிலாஷ் டோமி, தெற்கு இந்தியப் பெருங்கடலில் மாஸ்ட் உடைந்து, முதுகில் அடிபட்டு நகர முடியாமல் கிடந்தார். அவர் எங்கே இருக்கிறார் என்று உலகத்துக்கே தெரியும். அப்படியிருந்தும் பிரெஞ்சுக் கப்பல் ஒன்று போய்ச் சேர மூன்று நாள் ஆனது. அதே மனிதர் மறுபடி அதே பந்தயத்துக்குப் போய் 2023-ல் இரண்டாவதாக வந்தார் என்பதையும் சொல்லிவிடுகிறேன், அவர்மேல் எனக்கு அவ்வளவு மதிப்பு.

முதல்பாய்

எனக்கு ஒரு வாய்ப்பு வந்திருக்கிறது. நவம்பர் கடைசியில் கேனரி தீவுகளிலிருந்து கரீபியனுக்குப் போகும் படகில் இடம் இருக்கிறதாம். ஏறக்குறைய 2,700 மைல். போகலாமா?

மீகாமன்

வணிகக் காற்றில் (ஒரே திசையில் நிலையாக அடிக்கும் காற்று), புயல் பருவம் முடியும்போது போகும் வழி. கடல் வழிகளில் சாதகமானது அது. ஆனால் சராசரி 5.5 நாட் ஓடினால் 20 நாள். இரண்டாம் நாள் ஸ்கிப்பரோடு ஒத்துப்போகவில்லை என்றாலோ, வாந்தி நிற்கவில்லை என்றாலோ, இறங்க இடமில்லை. எதிர்க்காற்றில் திரும்பியும் வர முடியாது. முதலில் அதே ஸ்கிப்பரோடு இரண்டு இரவுப் பயணம் ஒன்று போங்கள். அவர் காற்று ஏறும்போது என்ன செய்கிறார் என்று பாருங்கள். காற்று 15 நாட்டிலிருந்து 21 ஆனால் பாய்மேல் விழும் விசை இரண்டு மடங்கு. முதல்முறை 'சுருக்கலாமா' என்று தோன்றும்போதே சுருக்குகிறவர் என்றால் நம்பிப் போகலாம். கூட்டிப் போக மறுத்தால் அதுவும் ஒரு பதில்தான்.

முதல்பாய்

நான்கு மாதம் கழித்து எழுதுகிறேன். அந்த நவம்பர் பயணத்துக்குப் போகவில்லை. அடுத்த வருடம் பார்க்கலாம் என்று ஸ்கிப்பரிடம் சொல்லிவிட்டு, அவரோடு மூன்று இரவுப் பயணம் ஒன்று போனேன். 310 மைல். இரண்டாம் இரவு காற்றோடு ஓடிக்கொண்டிருந்தோம். 18 நாட் காற்று, படகு 6 நாட், முகத்தில் பட்டது 12 மட்டும். மேலாடைகூடத் தேவைப்படவில்லை. மின்விளக்கு ஒன்று தண்ணீரில் விழுந்தது, எடுத்துப் பார்க்கலாம் என்று காற்றை நோக்கித் திரும்பினோம். அந்த நொடியே 23 நாட் முகத்தில் அறைந்தது, படகு சாய்ந்தது, சமையல் பகுதியில் எல்லாம் தரையில். அதே காற்றுதான், நாங்கள் திரும்பியதுதான் வித்தியாசம். காகிதத்தில் படித்தது அன்றைக்குத்தான் உடம்புக்குப் புரிந்தது.

திரும்பும் வழியில் ஒரு குடாவில் நங்கூரம். ஆழம் 5 மீட்டர், ஓதத்தில் நீர் ஏறுவது 2, படகு முனையின் உயரம் 1, ஆக 8. ஐந்து மடங்கு, 40 மீட்டர் சங்கிலி. அந்தக் கணக்கை ஸ்கிப்பர் என்னைப் போடச் சொன்னார். பிறகு சங்கிலிமேல் கை வைக்கச் சொன்னார். பின்னோக்கி எஞ்சின் இழுக்க, கையில் கரகரவென்று ஒரு அதிர்வு. 'இது இழுபடுகிறது' என்றார். எடுத்து மறுபடி போட்டோம். இந்த முறை சங்கிலி விறைத்து, அமைதியாக நின்றது. கரையில் ஒரு மரத்தையும் பின்னால் இருந்த கம்பத்தையும் நேர்கோட்டில் வைத்துப் பத்து நிமிடம் பார்த்தேன், விலகவில்லை.

ஒரு சந்தேகம் பாக்கி. படகைக் கடலிலேயே நிறுத்தி வைப்பதை, ஹீவ்-டூ என்கிறார்களே, முயன்றோம். முனை காற்றை விட்டு விலகி விலகிப் போனது.

மீகாமன்

படித்து மகிழ்ந்தேன் தம்பி. ஜிப் தாமானைத் தளர்த்தாமல் மெதுவாக டேக் செய்தீர்கள்தானே? முன்பாய் மறுபக்கமாகக் காற்றை வாங்கிக்கொண்டதும், வேகம் செத்த பிறகு சுக்கான் சக்கரத்தைக் காற்று வரும் பக்கம் முழுக்கத் திருப்பிக் கட்டுங்கள். முனை விலகுகிறது என்றால் உங்கள் முன்பாய் பெரிது. பாதிக்கு மேல் சுருட்டுங்கள், மெயின் பாயைக் கொஞ்சம் இழுங்கள். ஒல்லியான கீல் (படகின் அடியில் நீளும் தகடு) உள்ள படகுகளில் சரியான அளவு கிடைக்க அரை மணி நேரம் விளையாட வேண்டியிருக்கும். கிடைத்ததும் தெரிந்துவிடும், சத்தம் நின்றுவிடும். கிடைத்த அளவைப் பாயில் ஒரு கோடு போட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

முதல்பாய்

முன்பாயை முழுதாக விட்டிருந்தோம், அதுதான் காரணம். சனிக்கிழமை மறுபடி போகிறோம். கோடு போட மார்க்கர் எடுத்துவைத்துவிட்டேன்.